எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட சொல்

நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை வந்தது. ‘முடியாது’ என்பது அந்தச் சொல். தடையைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா.

ஓசூரில் கம்பெனிகளுக்குப் பின்பக்கம் வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டவர். அம்மா கல்யாணமாகி வந்தவள். அம்மாவின் தம்பி டிப்ளமோ முடித்து, ஒரு தோள்பையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுமாக வந்து இறங்கியபோது, ஓசூரில் இருக்கும் கம்பெனிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவருக்கு ஒரு வாரத்தில் வேலை கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கம்பெனிகள் அப்படி நினைக்கவில்லை.

மாமாவுக்குப் படிப்பில் குறையில்லை. இன்டர்வியூ அறைக்குள் போனால் மட்டும் வாய் திறக்காது. ஒருமுறை பெயரைக் கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்ததும், “கூப்பிடுவாங்களாம்” என்பார். அம்மா தட்டை எடுத்து வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசப் பயிற்சி முகாம் நடந்தது. மனநிலையை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மாமா போனார். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் பேசினாராம். காலையில் பூனை போலப் போன மாமா சாயங்காலம் புலி போலத் திரும்பி வந்தார். கையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் ஸ்கெட்ச் பேனாக்களும் இருந்தன.

மறுநாள் எங்கள் வீட்டில் தாள் ஒட்டாத இடமே இல்லை. கண்ணாடியில் ‘நான் வெற்றியாளன்’. குளியலறைக் கதவில் ‘தோல்வி என்பது பாடம்’. ஃபிரிட்ஜின் மேல் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் சட்டம். இந்த வீட்டில் யாரும் ‘முடியாது’ என்று சொல்லக்கூடாது. ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இன்னும் தெரியாது’ என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் ஃபிரிட்ஜின் முன்னால் நின்று தோப்புக்கரணம்.

நைட் ஷிப்டு முடிந்து வந்த அப்பா ஒவ்வொரு தாளாக நின்று படித்தார். பிறகு கேட்டார்.

“மாப்ள, அந்தக் கோட்டுக்காரரு எந்தக் கம்பெனியில வேலை பாக்காரு?”

“அவரு எந்தக் கம்பெனியிலயும் இல்ல அத்தான். எல்லாக் கம்பெனிக்கும் போயிப் பேசுவாரு.”

“அது சரி” என்று சொல்லிவிட்டு அப்பா படுக்கப் போனார்.

சட்டத்தை அமல்படுத்தும் போலீஸ் வேலை எனக்குக் கிடைத்தது. நான் அதை உயிரைக் கொடுத்துச் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டபோது, “இன்னும் தெரியாது மிஸ்” என்று கம்பீரமாகச் சொன்னேன். மிஸ் அந்த முகாமுக்குப் போயிருக்கவில்லை என்பது என் தலையில் குட்டு விழுந்தபோது புரிந்தது.

மாமா தினமும் வீட்டில் இன்டர்வியூ ஒத்திகை வைத்தார். அம்மாதான் அதிகாரி. அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காயை ஆய்ந்துகொண்டே, “ம், உன்னப் பத்திச் சொல்லு” என்பாள். மாமா ஆங்கிலத்தில் பொழிவார். வீட்டுக்குள் அவர் நாக்குக்கு எந்தத் தடங்கலும் இல்லை. பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பார். அம்மா பதில் சொல்ல வேண்டும்.

“உங்களப் பத்திச் சொல்லுங்க மேடம்.”

“என்னத்தச் சொல்லச் சொல்ற? பிளஸ் டூ முடிச்சேன். கட்டிக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு சொல்லக்கூடாது அக்கா. அதுவும் நெகட்டிவ்.”

“அப்ப அதுக்கும் ஒரு தாளு ஒட்டு” என்று அம்மா சிரிப்பாள்.

குருபரப்பள்ளிப் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பெனி திறந்து, நேரடி இன்டர்வியூவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. அந்த வேலைக்குப் பெண்களும், மேற்பார்வைக்கு டிப்ளமோ படித்த பையன்களும் வேண்டும். மாமா அம்மாவிடம் கெஞ்சினார்.

“நீ சும்மா வெளிய உக்காந்திரு அக்கா. நீ இருக்கன்னு நினைச்சாலே எனக்குத் தைரியமா இருக்கும்.”

அன்று எனக்குப் பள்ளி விடுமுறை. அதனால் நானும் போனேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் போய் இறங்கி, வெயிலில் சர்வீஸ் ரோட்டோரமாக நடந்தோம். கம்பெனி வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாமா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆண்கள் வரிசையில் போய் நின்றார். அம்மாவும் நானும் நிழலில் ஒதுங்கி நின்றோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் எங்களிடம் வந்தாள்.

“அக்கா, ஏன் ஒதுங்கி நிக்கறீங்கோ? லைன்ல வாங்கோ.”

“நான் இன்டர்வியூவுக்கு வரலம்மா. தம்பி கூட வந்தேன்.”

“என்ன படிச்சிருக்கறீங்கோ?”

“பிளஸ் டூ.”

“அப்பறம் என்ன? வந்ததே வந்தீங்கோ, உள்ள ஒரு தரம் போயிட்டு வாங்கோ. பாப்பாவும் வரட்டும், பரவால்ல.”

அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பெண் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். வெயிலுக்கு நாற்காலி நன்றாக இருந்தது. அப்படியே எங்கள் முறையும் வந்துவிட்டது.

உள்ளே ஏ.சி. அறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கன்னடக்காரர். அவருடைய தமிழில் கன்னடம் கலந்திருந்தது.

“உக்காருங்கம்மா. நிம்ம பத்தி சொல்லுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா மனப்பாடம் செய்த ஆங்கிலம் அவளுக்கும் தெரியும், தினமும் கேட்டதுதான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“விடிய முன்னாடி எந்திரிப்பேன் சார். இவ அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு அவருக்கே மறந்துரும், எனக்கு மறக்காது. தண்ணி ஒருநா விட்டு ஒருநா வரும். அதுக்குள்ள எல்லாத்தையும் பிடிச்சு வைக்கணும். ஒண்ணு முன்னப் பின்ன ஆனா அன்னைக்குப் பொழுது பூரா கெட்டுப் போகும். அதனால வரிசையாச் செய்வேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மேசைமேல் ஒரு வயர்க்கொத்து கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டினார்.

“இந்த வேலை தெரியுமா?”

“தெரி…” என்று அம்மா ஆரம்பித்தாள்.

நான் போலீஸ். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அம்மா பாதியில் நிறுத்தினாள்.

“இன்னும் தெரியாது சார்.”

அவர் சிரித்துவிட்டார். “இன்னும்-ஆ? எப்போ தெரியும்?”

“நீங்க சொல்லிக் குடுத்தா அப்ப தெரிஞ்சுக்குவேன்.”

சர்டிபிகேட்டோடு திங்கட்கிழமை வரச் சொன்னார். ஓசூரிலிருந்து கம்பெனி பஸ் உண்டு என்றார். வெளியே வந்த அம்மா, தப்புச் செய்தவள் போல ஷாமியானாவின் ஓரத்தில் நின்றாள். சற்றுக் கழித்து மாமா வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“கூப்பிடுவாங்களாம்” என்றார்.

“அம்மாவை இப்பவே கூப்பிட்டுட்டாங்க!” என்று நான் கத்தினேன்.

பஸ்ஸில் சூளகிரி வரும்வரை மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா மெல்லச் சொன்னாள்.

“நான் போகலடா. உனக்கு வந்த இடத்துல நான் போயி…”

“சீ, அது வேற வேலை, இது வேற வேலை. நீ போற.”

“அவரு என்ன சொல்லுவாரோ.”

“அத்தான்கிட்ட நான் பேசுறேன். நான் எங்க பேசணுமோ அங்கதான் பேச மாட்டேன். வீட்டுல பேசுவேன்” என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்போதுதான் எனக்குப் பசிப்பது ஞாபகம் வந்தது.

அப்பா கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“நான் போக வேண்டாம்னு சொல்லல. பிள்ளைய யாரு பாப்பா? நான் ஒரு வாரம் பகல்ல தூங்குவேன், ஒரு வாரம் ராத்திரி தூங்குவேன். ஸ்கூலுக்கு யாரு கூட்டிப் போவா? சோத்த யாரு வடிப்பா?”

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். எங்களுக்கு ஊரில்தான் சொந்தம், இங்கே யாரும் கிடையாது.

“நான் பாத்துக்கிறேன் அத்தான்” என்றார் மாமா.

“உனக்குச் சோறு வடிக்கத் தெரியுமா மாப்ள?”

“இன்னும் தெரியாது.”

அப்பா சிரித்ததில் புரை ஏறிவிட்டது. அம்மா எழுந்து தலையில் தட்டினாள். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனாள்.

மாமாவின் ஆட்சி ஆரம்பமானது. முதல் நாள் சோறு கஞ்சியாகவும், இரண்டாம் நாள் அவலாகவும் வந்தது. என் ஜடையை அவர் கயிறு முறுக்குவது போல முறுக்கியதில், பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை என் புருவம் மேலே ஏறியே இருந்தது. மேல்மாடியில் இருந்த வீட்டு ஓனரம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். மாடிப்படியில் நின்று அவர் கேட்டார்.

“ஏமய்யா, அக்கா ட்யூட்டிக்கு, நீ அடுப்புக்கா?”

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஆனால் மறுநாள் அவரே மாடி ஏறிப் போய், குழம்பு ஏன் கசக்கிறது என்று கேட்டார். வெந்தயம் கருகியிருக்கிறது என்றார் ஓனரம்மா. அதன்பிறகு தினமும் ஒரு சந்தேகத்தோடு மாடி ஏறினார். கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பழக்கமில்லை. முதல் உருண்டையை அப்பா சந்தேகத்தோடு பார்த்தார், இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். களியோடு சேர்த்து மாமாவுக்குத் தெலுங்கும் கன்னடமும் வந்தன. காய்கறி வண்டிக்காரரிடம் ஒரு மொழியிலும் பால்காரரிடம் இன்னொரு மொழியிலும் தப்புத் தப்பாகப் பேசினார். அவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரித்தார். இன்டர்வியூ அறையில் ஒரு சொல் தப்பாகிவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்ட மனிதர் அவர்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அம்மாவுக்கு ட்ரெய்னிங் முடிந்து உற்பத்தி லைனில் நிற்க வைத்த வாரம் அது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். விரல் நுனிகள் எல்லாம் சிவந்து வீங்கியிருந்தன. கனெக்டரில் வயரை அழுத்தி அழுத்தி வந்த வீக்கம். இவளால் லைனே தாமதமாகிறது என்று, இவளைவிட இளையவளான ஒரு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறாள்.

“என்னால முடியாதுடா தம்பி” என்றாள் அம்மா. “நாளையிலருந்து போகல.”

நான் துள்ளி எழுந்தேன். அத்தனை நாள் காவல் காத்ததற்கு அப்போதுதான் நேரடியாக ஒரு குற்றம் சிக்கியிருந்தது.

“அம்மா சொல்லிட்டா! முடியாதுன்னு சொல்லிட்டா! தோப்புக்கரணம்!”

மாமா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருந்த தாளைக் காட்டிப் பேசப்போகிறார், கோட்டுக்காரர் சொன்ன கழுகுக் கதையை எடுத்துவிடப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெந்நீரில் உப்பைப் போட்டு, சட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். அவள் கையைப் பிடித்து அதில் முக்கினார்.

“முடியலன்னா முடியலன்னு சொல்லு அக்கா. அதுல ஒண்ணும் இல்ல.”

“நீதானடா சொல்லக்கூடாதுன்னு எழுதி வச்ச.”

“எழுதுறது சுலபமா இருந்துச்சு. எழுதிட்டேன். அந்தக் கோட்டுக்காரரு சொன்னதெல்லாம் எனக்கு இன்டர்வியூ ரூம் வாசல் வரைக்கும்தான் கூட வருது. உள்ள வர மாட்டேங்குது.” சட்டியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். “எனக்கும் முடியலதான் அக்கா. யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அம்மா அழுதாள். எனக்கு அது பிடிபடவில்லை. சட்டம் என்றால் சட்டம். நான் மறுபடியும், மெதுவாக, “தோப்புக்கரணம்…” என்றேன்.

மாமா எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபிரிட்ஜின் முன்னால் நின்றார். காதைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பதிலாக அவரே போட ஆரம்பித்தார். உட்காரும்போதெல்லாம் முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. அம்மா அழுகையினூடே சிரித்தாள். “டேய், போதும்டா, போதும்டா” என்றாள். கை வெந்நீரில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். அப்போது தூங்கி எழுந்து வந்த அப்பா, வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, குனிந்து அம்மாவின் ஷூ லேஸை அவிழ்த்தார்.

மறுநாள் காலையில் அம்மா யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டாள். “இன்னைக்கு மட்டும் போயிட்டு வர்றேன்” என்றாள். அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னாள். வெகுநாள் வரை அவள் அப்படித்தான் வேலைக்குப் போனாள், ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மட்டும். ஒருநாள் அதைச் சொல்ல மறந்துவிட்டுப் போனாள். ஃபிரிட்ஜின் மேலிருந்த சட்டத்தை மாமா கிழித்துவிட்டார். மற்ற தாள்களை அடுப்படி ஆவியும் குளியலறை ஈரமும் பார்த்துக்கொண்டன.

அடுத்த வருஷம் நான் நான்காம் வகுப்புப் போனபோது மாமாவுக்கு வேலை கிடைத்தது. படிப்பு முடித்ததிலிருந்து இத்தனை காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வி வந்தால் அவர் ஊமையாகிவிடுவார். கேட்டவர்களில் ஒருவர் கன்னடக்காரர் என்பதால், இந்த முறை தனக்கு வந்த கன்னடத்திலேயே சொன்னாராம்: அக்கா வேலைக்குப் போகிறாள், நான் சமைத்தேன், பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன், இன்டர்வியூவில் எனக்குப் பயம் வரும், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அவர்கள் களி கிண்டுவது பற்றிக்கூடக் கேட்டார்களாம். இது நடந்ததா, மாமா சேர்த்துக்கொண்டதா என்று அப்பாவுக்கு இன்றும் சந்தேகம்.

இப்போது அம்மா அதே கம்பெனியில், புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறாள். மாமா ஒரு பிரிவுக்கே மேனேஜர். நான் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறேன். என் அலுவலகத்திலும் அவ்வப்போது மனநிலை மாற்றம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். திரையில் வரும் வாசகங்களைப் பார்க்கும்போது எனக்கு வெந்தயம் கருகும் வாசனை வரும்.

அந்த மாதங்களைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. மாமா வீட்டைப் பார்த்துக்கொண்ட காலத்தில், ஊரிலிருந்து தாத்தா, அதாவது அவருடைய அப்பா, சில சாயங்காலங்களில் போன் செய்வார். தாத்தாவின் குரல் போனுக்கு வெளியே ஒரு முழம் வரை கேட்கும். “ஆம்பளப் பய அக்கா வீட்டுல சோறு பொங்குறியாடா? தெருவுல கேக்குறவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?” மாமா எல்லாவற்றுக்கும், “சரிப்பா… நல்லா இருக்கேம்ப்பா… பாப்பா நல்லா இருக்கா” என்பார். போனை வைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, “வா பாப்பா, ரயில் பாத்துட்டு வருவோம்” என்று என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். நடைமேம்பாலத்தில் நின்றுகொண்டு எனக்கு வறுத்த கடலை வாங்கித் தருவார். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரயில் வந்து, பாலம் அதிர்ந்து, ரயில் போன பிறகும் வெகுநேரம் நிற்போம். சீக்கிரம் வீட்டுக்குப் போவோம் என்று அவர் சொல்லாதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தாத்தா போன் செய்தால் ரயில் பார்க்கலாம் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்த கணக்கு. போன் வராத வாரங்களில் நான் ஏங்கிப் போவேன். ஒருநாள் மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பிடுங்கி, “தாத்தா, நாளைக்கும் போன் பண்ணுங்க, மறந்துறாதீங்க!” என்று கத்தினேன்.

மறுமுனையில் தாத்தா சந்தோஷமாகச் சிரித்தார். மாமா போனை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். என் தலையைக் கலைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொள்ளச் சொன்னார்.